தழும்புகளால் குணமானோம் என்றால் மாத்திரை எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. பல வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. போன வருடம் ஒரு புதிய சபைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே ஒரு கன்வென்ஷனில் சுகம் கிடைத்துவிட்டதாகச் சாட்சி சொன்னார். அன்றிலிருந்து மாத்திரைகளை நிறுத்திவிட்டார். நாலு மாதம் ஆகிறது. இப்போது இடது பாதத்தில் ஒரு புண், மூன்று வாரமாக ஆறவில்லை. "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம் என்று எழுதியிருக்கிறது. எழுதியதை எழுதியபடி நம்புகிறேன்" என்கிறார். "அது உருவகம் அப்பா, அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது" என்றேன். "இன்றைக்கு இதை உருவகம் என்பாய். நாளைக்கு ஆறு நாள் சிருஷ்டிப்பும் உருவகம் என்பாய். அப்புறம் இயேசு உயிர்த்தெழுந்ததும் உருவகம்தானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நானும் விசுவாசிதான். உண்மையிலேயே எங்கே கோடு போடுவது?
வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: (இறையியல் கல்லூரியில் வேதவிளக்கம் கற்பித்தவரும், மருத்துவமனைப் போதகராகப் பணியாற்றியவருமான ஆலோசகர் எழுதுகிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

முதலில் அந்தப் பாதத்தைக் கவனிப்போம். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் மூன்று வாரமாக ஆறாத புண் இருந்தால், அது வேதவிளக்கம் முடியும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. இதைப் படித்த மறுநாள் காலையிலேயே ஒரு டாக்டர் அந்தக் காலைப் பார்க்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது பாதத்தில் உணர்ச்சி மங்கும், ரத்த ஓட்டமும் குறையும். வலி இல்லை என்பதால் சின்னப் புண் மாதிரி தெரியும், உள்ளே ஆழமாகப் போய்க்கொண்டிருக்கலாம். சுற்றிலும் சிவப்பு, வீக்கம், கெட்ட வாடை, கறுப்பு நிறம், காய்ச்சல், இதில் எது தெரிந்தாலும் விடியும்வரைகூடக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பழைய மாத்திரையைப் பழைய அளவிலேயே நீங்களாகத் திரும்பத் தொடங்க வேண்டாம். நாலு மாதமாக நிறுத்தியிருக்கிறார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அளவை அவர் முடிவு செய்யட்டும். மாத்திரைப் பேச்சை எடுத்தாலே அப்பா கோபப்படுவார் என்றால், புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்காகவாவது வரச் சொல்லுங்கள்.

மருத்துவமனை வார்டுகளில் ஜெபிக்கப் போன வருடங்களில், இதே மாதிரி மாத்திரையை நிறுத்திக் காலை இழந்த விசுவாசிகளின் கட்டிலருகே நின்றிருக்கிறேன். அவர்களில் யாரும் முட்டாள்கள் இல்லை. வசனத்தை உயிராக நேசித்தவர்கள். அதனால்தான் உங்களுக்கு நீளமாக எழுதுகிறேன்.

சரி, கேள்விக்கு வருவோம். அப்பா கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் அவரை நகர்த்த முடியாது. உங்கள் பதில் எடுபடாமல் போனதற்குக் காரணம், நீங்கள் இருவருமே ஒரே இடத்தில் நின்றுகொண்டு பேசியதுதான். அப்படியே எடுத்துக்கொண்டால் உண்மை, உருவகம் என்றால் உண்மை கொஞ்சம் குறைவு என்று இருவர் மனதிலும் இருக்கிறது. அதனால் நீங்கள் 'உருவகம்' என்றதும், "இந்த வசனத்தை நான் நம்பவில்லை" என்று சொன்னதாகவே அவர் காதில் விழுந்திருக்கும். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

13-ஆம் நூற்றாண்டில் இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் இந்த முடிச்சைத் தெளிவாக அவிழ்த்தார். 'கர்த்தருடைய புயம்' என்று வேதம் சொல்கிறது. கடவுளுக்கு எலும்பும் சதையுமாக ஒரு கை உண்டு என்பது அந்த வசனத்தின் நேர்ப்பொருள் இல்லை, அவருடைய வல்லமைதான் நேர்ப்பொருள், எழுதியவர் சொல்ல வந்தது அதைத்தான் என்றார். அப்படியென்றால் உருவகமாகப் பேசிய ஒருவரை உருவகமாகப் புரிந்துகொள்வதுதான் அவர் எழுத்துக்கு உண்மையாக இருப்பது. வேதத்தில் பிழையே இல்லை என்று அடித்துச் சொல்வதற்காகவே சுவிசேஷக சபைத் தலைவர்கள் 1978-ல் சிகாகோவில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இலக்கிய வடிவத்தையும் உத்திகளையும் கணக்கில் எடுத்துத்தான் வேதத்தை விளக்க வேண்டும் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. நீங்கள் அப்பாவிடம் சொன்னது நவீனக்காரர்களின் கண்டுபிடிப்பு இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் அப்பாவிடம் அக்குவினாஸைப் பற்றியோ சிகாகோவைப் பற்றியோ பேச வேண்டாம். அவர் வேதப் புத்தகத்தையே திறந்து காட்டுங்கள். யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில், பலரும் நின்று பார்க்காமல் கடந்துபோகிற ஓர் இடம் இருக்கிறது. தாம் நேசித்த சீஷனைக் குறித்து இயேசு பேதுருவிடம், "நான் வருமளவும் இவனிருக்க எனக்குச் சித்தமானால் உனக்கென்ன" என்கிறார். உடனே சகோதரருக்குள்ளே, அந்தச் சீஷன் சாகவே மாட்டான் என்று பேச்சு பரவிவிட்டது. பரப்பியவர்கள் அவிசுவாசிகள் இல்லை, இயேசு சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்ட சகோதரர்கள். சுவிசேஷக்காரன் அங்கே நின்று, "அவன் மரிப்பதில்லையென்று இயேசு சொல்லவில்லை" என்று திருத்துகிறார். 'சித்தமானால்' என்ற நிபந்தனையை விட்டுவிட்டு மீதியைப் பிடித்துக்கொண்டால் வாக்கியம் வேறொன்றாகிவிடும் என்று வேதமே நமக்குக் காட்டித்தருகிற இடம் இது. பரிசேயருடைய புளித்தமாவைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று இயேசு சொன்னபோதும், அப்பம் கொண்டுவராததைத்தான் சொல்கிறார் என்று சீஷர்கள் நினைத்தார்கள். அவர் சொன்னது பரிசேயரின் உபதேசத்தை. அவர் சீஷர்களைக் கடிந்துகொண்டார்.

இப்போது உயிர்த்தெழுதல். 1 கொரிந்தியர் 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பவுல் அங்கே பாட்டு எழுதவில்லை, உவமையும் சொல்லவில்லை. கேபாவுக்கு, அதாவது பேதுருவுக்குத் தரிசனமானார், பன்னிருவருக்கும் தரிசனமானார், ஐந்நூறு பேருக்கும் அதிகமான சகோதரருக்கு ஒரேவேளையில் தரிசனமானார், அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள் என்று சாட்சிகளை அடுக்குகிறார். போய் விசாரித்துக்கொள்ளலாம் என்கிற தொனியில் எழுதுகிறார். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று எல்லாவற்றையும் அதன்மேல் பந்தயமாக வைக்கிறார். இதை உருவகம் என்று சொன்னால், எழுதியவரே நடந்ததாகச் சொல்வதை மறுக்கிறோம். "வெளியின் மரங்களெல்லாம் கைகொட்டும்" என்று ஏசாயா பாடும்போது மரத்துக்குக் கை தேடினாலும், அதே தவறைத்தான் மறுபக்கத்திலிருந்து செய்கிறோம். கோடு எங்கே என்று கேட்டீர்களே, நம்புவதற்கு எளிதானது ஒரு பக்கம், கடினமானது மறுபக்கம் என்று அந்தக் கோடு ஓடவில்லை. யார் எழுதினார், எந்த வகையில் எழுதினார், முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் ஒவ்வோர் இடத்திலும் அதைக் கண்டுபிடிக்கிறோம். உயிர்த்தெழுதலை உருவகமாக்காமல் காப்பாற்றுவதும் இந்த வாசிப்பு முறைதான்.

ஆறு நாள் விஷயத்தில் சபைக்குள்ளே ஆதிமுதலே ஒரே கருத்து இருந்ததில்லை. சூரியன் நாலாம் நாளில்தானே படைக்கப்பட்டது, அப்படியானால் முதல் மூன்று நாளின் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே வேத அறிஞர் ஓரிகன் கேட்டார். 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிஷப் அகுஸ்தீன் ஆதியாகமத்தை நேர்ப்பொருளில் விளக்குவதற்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். எழுதி முடித்தபோது அவர் வந்து சேர்ந்த இடம், கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், அந்த நாள்கள் நம்முடைய நாள்கள் போன்றவை அல்ல என்பது. டார்வினுக்கு 1,400 வருடத்துக்கு முந்தைய மனிதர் அவர். விஞ்ஞானத்துக்குப் பயந்து அப்படிச் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் சாதாரண நாள்கள்தான் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பேருமே விசுவாசத்தின் பிதாக்கள். உங்கள் அப்பா 24 மணி நேர நாள் என்று நம்பினால் அதற்காக அவரோடு சண்டை போடாதீர்கள். அதனால் யாருக்கும் கால் போகப்போவதில்லை.

உருவக வாசிப்பு தலைகால் தெரியாமல் ஓடிய வரலாறும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதே அகுஸ்தீன் நல்ல சமாரியன் உவமைக்குச் சொன்ன விளக்கத்தில் எரிகோ என்றால் சந்திரன், சத்திரக்காரன் என்றால் அப்போஸ்தலன் பவுல். பவுல் அப்போஸ்தலனாவதற்கு முன்பே இயேசு சொன்ன கதை அது! அடிபட்டுக் கிடக்கிற அந்நியனுக்கு உதவி செய் என்கிற கட்டளை அதில் காணாமலே போய்விடுகிறது. இந்த வகை விளக்கத்தை நான் வகுப்பில் என்றைக்கும் ஆதரித்ததில்லை. கஷ்டமான கட்டளை வரும்போதெல்லாம் "அது ஆவிக்குரிய அர்த்தம்" என்று நழுவுகிற பிரசங்கங்களை உங்கள் அப்பாவும் நிறையக் கேட்டிருப்பார். எழுதியபடி நம்புகிறேன் என்கிற அவருடைய பிடிவாதம் அங்கேயிருந்துகூட வந்திருக்கலாம்.

உண்மையிலேயே கோடு தெளிவாக விழாத இடங்களும் இருக்கின்றன. 1529-ல் மார்பர்க் நகரில் லூத்தரும் சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்லியும் சந்தித்தார்கள். "இது என் சரீரம்" என்று இராப்போஜன அப்பத்தைக் குறித்து இயேசு சொன்ன வசனத்தை லூத்தர் சுண்ணக்கட்டியால் மேசைமேல் எழுதி வைத்துக்கொண்டு அதிலிருந்து அசையவில்லை. அப்பம் சரீரத்தைக் குறிக்கிறது என்றார் சுவிங்லி. 15 அம்சங்களில் 14-ல் ஒத்துப்போனவர்கள் கடைசி அம்சத்தில் இந்த ஒன்றால் பிரிந்தார்கள். இருவருமே வேதம் ஒன்றே அதிகாரம் என்று உயிரைப் பணயம் வைத்தவர்கள். அதனால் எல்லா வசனத்துக்கும் பொருந்தும் ஒரே அளவுகோலை எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டால், அப்படி ஒன்றை என்னால் தர முடியாது. ஆனால் உங்கள் வீட்டில் இப்போது எழுந்திருக்கிற பிரச்சினை அவ்வளவு கஷ்டமானது இல்லை.

அப்பா பிடித்துக்கொண்ட தழும்பு வசனம் வருகிற ஏசாயா 53 ஒரு பாட்டு. பாவத்தையும் தேசத்தின் சீரழிவையும் வியாதியாகப் பாடுவது அந்தப் புத்தகத்தின் முதல் அதிகாரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. உள்ளங்கால் தொடங்கி உச்சந்தலைமட்டும் சுகமேயில்லை, காயமும் வீக்கமும் நொதிக்கிற ரணமும் என்று ஏசாயா சொல்வது யூதாவின் துரோகத்தை. தழும்புகளால் குணமானீர்கள் என்ற வரியைப் பேதுரு எடுத்துச் சொல்லும்போதும், "நாம் பாவங்களுக்குச் செத்து, நீதிக்குப் பிழைத்திருக்கும்படிக்கு" என்பதோடு சேர்த்துத்தான் சொல்கிறார். அதேசமயம் மத்தேயு 8-ஆம் அதிகாரத்தில், இயேசு பேதுருவின் மாமியை ஜுரத்திலிருந்தும் இன்னும் பலரைப் பிணியிலிருந்தும் சுகப்படுத்தியபோது, இதே ஏசாயா 53-ன் வேறொரு வரி நிறைவேறியது என்று எழுதியிருக்கிறது. ஆகவே இது ஆத்துமாவுக்கு மட்டும், சரீரத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று நீங்கள் வாதாட வேண்டாம். அப்பா மத்தேயுவை எடுத்துக் காட்டுவார், நீங்கள் தோற்பீர்கள். கடவுள் சரீரத்தைச் சுகப்படுத்துகிறவர் என்று நானும் விசுவாசிக்கிறேன். வார்டில் அதற்காகத்தான் ஜெபித்தேன்.

அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "அப்பா, எழுதியபடியே எடுத்துக்கொள்வோம். மாத்திரையை நிறுத்து என்று எங்கே எழுதியிருக்கிறது?"

எங்கேயும் இல்லை. யாக்கோபு 5-ஐ ஓர் எழுத்து விடாமல் அப்படியே வாசியுங்கள். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபம்பண்ண வேண்டும். அவ்வளவுதான். பரிகாரியை, அதாவது வைத்தியரை, அனுப்பிவிடு என்று ஒரு வார்த்தை இல்லை. எழுதாத ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, எழுதியபடி நம்புகிறேன் என்று சொல்வதுதான் இங்கே கோளாறு. அப்பா எழுத்தின்படி வாசிக்கிறார் என்பதில் எனக்குப் பிரச்சினையே இல்லை, முழுவதுமாக வாசிக்கட்டும் என்கிறேன்.

2 இராஜாக்கள் 20-ஐ அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். நான் ஒரே ஒரு பகுதியைத்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவான வியாதியில் கிடக்கிறார். "நான் உன்னைக் குணமாக்குவேன்" என்று கர்த்தரே தீர்க்கதரிசியின் வாயால் வாக்குக் கொடுக்கிறார். மூன்றாம் நாளில் ஆலயத்துக்குப் போவாய், 15 வருஷம் ஆயுசைக் கூட்டுவேன் என்கிறார். உங்கள் அப்பாவுக்குக் கன்வென்ஷனில் கிடைத்ததைவிட உறுதியான வாக்கு அது. அடுத்த வசனம் என்ன? "அத்திப்பழத்து அடையைக் கொண்டுவாருங்கள்" என்று ஏசாயா சொல்கிறார். பிளவையின்மேல் பற்றுப்போட்டபோது அவன் பிழைத்தான். தழும்புகளால் குணமாகிறோம் என்று பாடிய புத்தகம் எந்தத் தீர்க்கதரிசியின் பெயரில் இருக்கிறதோ, அதே ஏசாயா புண்ணுக்கு மருந்து போடச் சொல்கிறார்! வாக்குத்தத்தத்தைச் சந்தேகித்து அல்ல, அதை நம்பிக்கொண்டே.

அவருடைய சபையில் ஆசா ராஜாவின் வசனத்தைக் காட்டியிருப்பார்கள். காலில் வியாதி வந்தபோது ஆசா கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான் என்று 2 நாளாகமம் 16-ல் இருக்கிறது. அதே அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால் விஷயம் புரியும். இஸ்ரவேல் ராஜா படையெடுத்தபோது கர்த்தரைச் சார்ந்துகொள்ளாமல் சீரியாவின் ராஜாவுக்கு வெள்ளியும் பொன்னும் அனுப்பியவன் ஆசா. கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலறையில் வைத்தவன். சாகும்வரை கர்த்தரிடம் திரும்பாத மனம்தான் அங்கே கண்டிக்கப்படுகிறது. உங்கள் அப்பா தினமும் முழங்காலில் நிற்கிறவர். அவருக்கும் ஆசாவுக்கும் என்ன சம்பந்தம்? புதிய ஏற்பாட்டில் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார். அவரோடு கூடவே இருந்த லூக்கா வைத்தியர். பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டும் என்று இயேசுவே சாதாரண உண்மையாகச் சொல்கிறார்.

வாக்குத்தத்தத்தை எழுத்தின்படி பரீட்சை பார்க்கச் சொன்ன ஒருவனையும் வேதம் காட்டுகிறது. தேவாலயத்து உப்பரிகையில் நின்று 91-ஆம் சங்கீதத்தை ஒப்பித்து, தாழக் குதி, உன் பாதம் கல்லில் இடறாது என்றான் பிசாசு. சங்கீதம் பொய் என்று இயேசு சொல்லவில்லை. கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்கிற இன்னொரு வசனத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தார். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில், சர்ப்பங்களை எடுப்பார்கள் என்ற மாற்கு 16-ன் வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஆராதனையில் விஷப்பாம்புகளைக் கையில் எடுக்கிற சபைகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாயின. அந்த வழக்கத்தைப் பரப்பிய ஜார்ஜ் வென்ட் ஹென்ஸ்லி 1955-ல் புளோரிடாவில் பாம்பு கடித்து, சிகிச்சை வேண்டாம் என்று மறுத்து இறந்துபோனார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

நம் பக்கத்துச் சபைகளின் கதையையும் அப்பாவுக்கு நினைவுபடுத்துங்கள். நெய்யூரில் ஆஸ்பத்திரி கட்டியவர்களும், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த மிஷனரி டாக்டர் சாமுவேல் கிரீனும், 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு ஆரம்பித்த ஐடா ஸ்கடரும் இதே வேதத்தை வாசித்தவர்கள்தான். பிணியாளிகளைச் சுகமாக்குங்கள் என்ற கட்டளையை அவர்கள் மிகவும் எழுத்தின்படியே எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, அவர் மேடையில் சாட்சி சொல்லிவிட்டார் என்பது. இனி மாத்திரையைக் கையில் எடுத்தால் தன் சாட்சி பொய்யாகிவிடும், கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படும் என்று அவர் உள்ளே தவிக்கலாம். புண் ஆறாததற்குத் தன் அவிசுவாசம்தான் காரணம் என்று இரவில் அழுதுகொண்டுகூட இருக்கலாம். வசன விவாதத்தில் ஜெயிப்பதைவிட இந்தப் பாரத்தை இறக்கி வைப்பதுதான் உங்களால் செய்யக்கூடிய பெரிய உதவி. 2 தீமோத்தேயு 4:20-ஐக் காட்டுங்கள்: "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." பவுலின் கையால் எத்தனையோ பேர் சுகமானார்கள், உடன் ஊழியக்காரன் ஒருவன் சுகமாகவில்லை. அவனுக்கு விசுவாசம் போதவில்லை என்று பவுல் எழுதவில்லை. "உங்கள் விசுவாசத்தை நான் சந்தேகப்படவில்லை அப்பா" என்று வாய் திறந்து சொல்லுங்கள். மகள் சொல்ல அவர் அதைக் கேட்க வேண்டும்.

சபை ஊழியரையும் போய்ப் பாருங்கள், தனியாக அல்ல, அம்மாவோ அண்ணனோ யாராவது ஒருவரோடு. சண்டைக்கு வேண்டாம். "ஐயா, மாத்திரையை நிறுத்தச் சொன்னது நீங்களா, அப்பாவே எடுத்த முடிவா?" என்று நேராகக் கேளுங்கள். பல நேரங்களில் ஊழியர் சொல்லியிருக்கவே மாட்டார், கூட்டத்தின் உற்சாகத்தில் இவரே முடிவு எடுத்திருப்பார். அப்படியானால் அந்த ஊழியரே வீட்டுக்கு வந்து, "பிரதர், மாத்திரையைச் சாப்பிடுங்கள், நாங்கள் ஜெபிக்கிறோம்" என்று சொல்லட்டும். என் நூறு விளக்கத்தைவிட அது வேலை செய்யும். சொன்னது அவர்தான் என்றால், புண்ணின் நிலைமையை எடுத்துச் சொல்லி, இதற்கு வசனம் எங்கே என்று கேளுங்கள். அதற்கும் இறங்கி வராவிட்டால், அவர் சம்மதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். அப்பா மதிக்கிற வேறொரு மூத்த விசுவாசியை, முடிந்தால் பழைய சபையிலிருந்து ஒருவரை, வீட்டுக்கு வரவழையுங்கள்.

மூப்பர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று அப்பா சொன்னால், மறுக்காதீர்கள். யாக்கோபு சொன்னது அதுதானே. ஆனால் அவர்களை இன்று சாயங்காலமே வரச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வசதிப்படும் என்றால், நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து அங்கேயே ஜெபிக்கட்டும்.